நூலில் தொங்கிய படிகம்: வத்திராயிருப்பு முதல் மீகடத்தி வரை

கே.எஸ்.கிருஷ்ணன் என்று சொன்னால் பெரும்பாலானவர்களுக்கு ஒரே ஒரு விஷயம்தான் ஞாபகத்துக்கு வரும். சர் சி.வி.ராமனின் மாணவர், ராமன் விளைவைக் கண்டுபிடித்தபோது கூட இருந்தவர். அவ்வளவுதான், கதை முடிந்தது. 1930-இல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் போனது. கிருஷ்ணனுக்கு நியாயம் நடந்ததா இல்லையா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை.

ஆனால் இந்த வாதத்திலேயே மூழ்கிவிடுவதால் இன்னொரு விஷயம் மறைந்து போகிறது. 1928-க்குப் பிறகு கிருஷ்ணன் சொந்தமாக ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார். ஒரு பொருளில் எத்தனை எலக்ட்ரான் இருக்கிறது என்று கேட்டால் போதுமா? அவை எந்தத் திசையைப் பார்த்து உட்கார்ந்திருக்கின்றன என்று கேட்க வேண்டாமா? மீகடத்திகள் (சூப்பர் கண்டக்டர் என்கிறோமே, அவைதான்) பற்றிய ஆராய்ச்சி பல வருடம் சுற்றி வந்து நின்றதும் இதே மாதிரிக் கேள்வியில்தான். இடையில் இன்னும் இரண்டு தமிழ்நாட்டுத் தொடர்புகளும் வருகின்றன. அந்தக் கதைதான் இது.

வத்திராயிருப்புப் பையன்

கரியமாணிக்கம் ஸ்ரீனிவாச கிருஷ்ணன் பிறந்தது 1898 டிசம்பர் 4. ஊர், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் உள்ள வத்திராயிருப்பு. கல்லூரிப் படிப்பு மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும், பிறகு சென்னை கிறித்தவக் கல்லூரியிலும். திண்டுக்கல்லில் இருந்து பார்த்தால் அவர் படித்த மதுரை பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். 1985 வரை திண்டுக்கல்லே மதுரை மாவட்டத்தில்தானே இருந்தது! ஆக இவர் நம்ம பக்கத்து மனிதர் என்று தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

1920-களில் கல்கத்தா போய் ராமனிடம் சேர்ந்தார். 1928-இல் ராமன் விளைவு. அதே வருடக் கடைசியில் டாக்கா பல்கலைக்கழகத்தில் ரீடர் வேலை கிடைத்துக் கிளம்பிவிட்டார். அங்கேதான் தன் சொந்த ஆராய்ச்சியைத் தொடங்கினார்.

நூலில் தொங்கிய படிகம்

கருவி ரொம்ப எளிமையானது. மெல்லிய குவார்ட்ஸ் இழை ஒன்றில் ஒரு சின்னப் படிகத்தைத் தொங்கவிட வேண்டும். அதைக் காந்தப்புலத்துக்கு நடுவே வைக்க வேண்டும். எல்லாத் திசையிலும் ஒரே மாதிரியான படிகம் என்றால் சும்மா தொங்கும். ஒரு திசையில் ஒரு மாதிரியும் இன்னொரு திசையில் வேறு மாதிரியும் காந்தத்துக்குப் பதில் சொல்லும் படிகம் என்றால் திரும்பும். இழையை மேலே இருந்து முறுக்கிக்கொண்டே போனால், ஓர் அளவு தாண்டியதும் படிகம் சட்டென்று புரண்டுவிடும். எவ்வளவு முறுக்கியதும் புரண்டது என்று குறித்துக்கொண்டால், இரண்டு திசைகளுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்குப் போட்டு எடுத்துவிடலாம்.

இந்த முறையில் கிருஷ்ணனும் சகாக்களும் நாப்தலீன், ஆந்த்ரசீன் போன்ற பல படிகங்களை அளந்தார்கள். காந்தத்துக்குப் படிகம் திரும்பும் விதத்தை வைத்தே, உள்ளே மூலக்கூறுகள் எந்தப் பக்கம் சாய்ந்து படுத்திருக்கின்றன என்று சொல்ல முடிந்தது! எக்ஸ் கதிர் வைத்துப் படிக அமைப்பைத் தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு இது பெரிய உதவி.

1933-இல் கல்கத்தா திரும்பிய பிறகு, 1934-இல் கிருஷ்ணன் கிராஃபைட்டைப் பற்றி எழுதினார். பென்சிலில் இருக்கிறதே, அந்தக் கிராஃபைட்தான். அது கார்பன் அணுக்களால் ஆன ஏடுகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி வைத்த பொருள். காந்தப்புலத்தை ஏட்டுக்குச் செங்குத்தாக வைத்தால் கிராஃபைட் காட்டும் எதிர்ப்பு மிகப் பலமாக இருந்தது. ஏட்டோடு ஒட்டி வைத்தால் அதில் மிகச் சிறு பங்குதான். ஒரே பொருள், ஒரே எலக்ட்ரான்கள், திசை மட்டும் வேறு. வித்தியாசமோ பல பத்து மடங்கு. 1941-இல் என்.கங்குலியுடன் சேர்ந்து கிராஃபைட்டின் கட்டற்ற எலக்ட்ரான்களைப் பற்றி விரிவான கட்டுரையும் வெளியிட்டார்.

ஆர்பிட்டால் என்றால் என்ன?

இதற்குக் காரணம் ஆர்பிட்டால். அணுவில் எலக்ட்ரான் இருக்கக்கூடிய இடத்தின் வடிவத்துக்குத்தான் அந்தப் பெயர். எஸ் ஆர்பிட்டால் உருண்டை. பி ஆர்பிட்டால் டம்பெல் மாதிரி, ஒரு திசையில் நீண்டிருக்கும். டி ஆர்பிட்டாலில் பெரும்பாலானவை நாலு இதழ் பூ மாதிரி.

திண்டுக்கல்காரர்களுக்கு இதைப் பூட்டை வைத்துச் சொன்னால் சுலபமாகப் புரியும். சாவியில் எத்தனை கிராம் இரும்பு இருக்கிறது என்று பூட்டு கேட்பதில்லை. பல் எந்தப் பக்கம் வெட்டியிருக்கிறது என்றுதான் பார்க்கிறது. அணுக்கள் சேரும்போதும் அப்படித்தான். ஓர் ஆர்பிட்டால் பக்கத்து அணுவை நோக்கி நீண்டிருந்தால் எலக்ட்ரான் அந்த வழியே போகலாம். வேறு பக்கம் நீண்டிருந்தால் அந்த வழி ஏறக்குறைய மூடின கதவு.

கிராஃபைட்டில் ஒவ்வொரு கார்பனுக்கும் பிணைப்புக்கு நாலு எலக்ட்ரான். மூன்று, ஏட்டுக்குள்ளேயே பக்கத்து மூன்று கார்பன்களைப் பிடித்துக்கொள்கின்றன. நாலாவது, ஏட்டுக்கு மேலும் கீழும் நீண்ட பி ஆர்பிட்டாலில் இருக்கிறது. அந்த ஆர்பிட்டால்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதால் ஒன்றோடொன்று கலந்து, ஏடு முழுவதும் எலக்ட்ரான் ஓடுவதற்கு ஒரு மைதானமே கிடைத்துவிடுகிறது. ஓர் ஏட்டிலிருந்து அடுத்த ஏட்டுக்குத் தாவுவதுதான் கஷ்டம். கிருஷ்ணனின் படிகம் நூலில் திரும்பியதற்குக் காரணம் இந்த மைதானம்தான்.

நாப்தலீன் போன்றவற்றில் ஏன் இந்தத் திசை வித்தியாசம் என்று 1936-இல் விளக்கம் எழுதியவர்களில் ஒருவர் லைனஸ் பாலிங். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வரும்.

தாமிர அடுக்குகள்

இப்போது மீகடத்திக்கு வருவோம். 1911-இல் ஹாலந்தில் காமர்லிங் ஓன்னஸ், பாதரசத்தை 4.2 கெல்வின் (சுமார் மைனஸ் 269 டிகிரி செல்சியஸ்) வரை குளிரவைத்தபோது அதன் மின்தடை காணாமல் போனதைப் பார்த்தார். எலக்ட்ரான்கள் ஜோடி சேர்ந்து ஓடுவதுதான் காரணம் என்று பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் மூவரும் 1957-இல் விளக்கினார்கள்.

1986-இல் எல்லாம் தலைகீழானது. சுவிட்சர்லாந்தில் பெட்னோர்ஸ், முல்லர் இருவரும் லாந்தனம், பேரியம் கலந்த தாமிர ஆக்ஸைடு ஒன்று 30 கெல்வினுக்கும் மேலே மீகடத்தியாவதைக் கண்டார்கள். பீங்கான் ஜாதிப் பொருள் மீகடத்தியா! 1987-இல் இட்ரியம் சேர்ந்த தாமிர ஆக்ஸைடு 93 கெல்வினைத் தொட்டது. 77 கெல்வினில் கொதிக்கும் திரவ நைட்ரஜனே குளிரவைக்கப் போதும் என்று ஆகிவிட்டது.

இந்தச் சூட்டில்தான் இரண்டு தமிழ்நாட்டுத் தொடர்புகள் வருகின்றன.

முதலாவது எம்.ஏ.சுப்ரமணியன். சென்னையில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்து, 1982-இல் சென்னை ஐ.ஐ.டி.யில் டாக்டர் பட்டம் வாங்கியவர். பிறகு அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் சேர்ந்தார். 1988 தொடக்கத்தில் ஜப்பானில் மாயேதா குழுவினர் பிஸ்மத் கலந்த புதிய தாமிர ஆக்ஸைடு மீகடத்தியை அறிவித்தார்கள். ஆனால் அந்தக் கலவைக்குள் மீகடத்தியாக இருப்பது எது, அதன் அமைப்பு என்ன என்று தெளிவில்லை. சில வாரங்களிலேயே டூபாண்ட் குழு அதிலிருந்து ஒரு சேர்மத்தைத் தனியாகப் படிகமாக்கி, அடுக்கு அமைப்பையும் வெளியிட்டது. கட்டுரையின் முதல் பெயர் சுப்ரமணியன். பிஸ்மத் 2, ஸ்ட்ரான்ஷியம் 2, கால்சியம் 1, தாமிரம் 2 என்ற கணக்கில் அதை 2212 என்றே அழைக்கிறார்கள். 2009-இல் புதுவகை நீல நிறமியைக் கண்டுபிடித்துப் பத்திரிகைகளில் வந்தாரே, அதே சுப்ரமணியன்தான்.

இரண்டாவது ஜி.பாஸ்கரன். சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் நீண்ட காலம் பணியாற்றியவர். 1987 ஜனவரியில் பெங்களூரில் நடந்த ஒரு மாநாட்டுக்கு நோபல் பரிசு பெற்ற பிலிப் ஆண்டர்சன் வந்தார். தாமிர ஆக்ஸைடுகளுக்குத் தன் புது விளக்கத்தை அங்கே முன்வைத்தார். பெயர், ஒத்ததிர்வு இணைப்புக் கொள்கை. பென்சீன் வளையத்தில் பிணைப்புகள் இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன என்று பாலிங் சொன்னாரே, அந்தக் கருத்தின் வாரிசுதான் இது. (சொன்னோமில்லையா, அவர் மறுபடி வருவார் என்று!) பாஸ்கரன், ஸௌ, ஆண்டர்சன் மூவரும் 1987-இலேயே இதைக் கணக்காக மாற்றிக் காட்டினார்கள்.

கோலாட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துப் பக்கத்து எலக்ட்ரான்கள் ஜோடியாகக் கோல் தட்டுகின்றன, ஜோடி மாறுகின்றன, மறுபடி தட்டுகின்றன. எல்லா இடமும் நிரம்பியிருக்கும்வரை யாரும் நகர முடியாது, அதனால் அது மின்கடத்தாப் பொருள். சில பேரை வெளியே எடுத்துவிட்டால் காலி இடம் வரும், ஜோடிகள் நகர ஆரம்பிக்கும். அதுதான் மீகடத்தல் என்றது இந்தக் கொள்கை. தாமிர ஆக்ஸைடுகளின் முழு ரகசியம் எது என்பதில் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் பேச்சின் போக்கையே மாற்றிய கட்டுரைகளில் இதுவும் ஒன்று.

எலக்ட்ரான்கள் கோடு போடுகின்றன

தாமிர ஆக்ஸைடு அடுக்கைச் சதுரக் கட்டம் போட்ட தாள் என்று வைத்துக்கொள்ளலாம். மூலைகளில் தாமிரம். ஒவ்வொரு கோட்டின் நடுவிலும் ஓர் ஆக்ஸிஜன். தாமிரத்தின் டி ஆர்பிட்டால் நாலு இதழோடு நாலு ஆக்ஸிஜனையும் நேராகப் பார்க்கிறது. ஆக்ஸிஜனின் பி ஆர்பிட்டால் தாமிரத்தை நோக்கி நீண்டிருக்கிறது. சாவியும் பூட்டும் மாதிரி அத்தனை பொருத்தம். எலக்ட்ரானை வெளியே எடுத்தால் உண்டாகும் காலி இடம், அதாவது துளை, பெரும்பாலும் ஆக்ஸிஜன்களின் மேல்தான் உட்காருகிறது.

அந்தத் துளைகள் சீராகப் பரவியிருக்கும் என்றுதான் பலரும் நினைத்தார்கள். 1995-இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் ட்ரான்குவாடா குழு நியூட்ரான்களை வைத்துப் பார்த்தபோது படம் வேறாக இருந்தது. துளைகள் வரிசை கட்டி நின்றன! நாலு கட்டத்துக்கு ஒரு கோடு. சின்னாளப்பட்டி சேலையில் கோடு ஓடுகிற மாதிரி. மொத்த நூல் அதேதான், நெய்த விதம்தான் வேறு. இதைத்தான் மின்னூட்ட ஒழுங்கு என்கிறார்கள். 2002-இல் ஸீமஸ் டேவிஸின் குழு, சுப்ரமணியன் அமைப்பைக் காட்டிய அந்த 2212 படிகத்தில், கட்டம் போட்ட மாதிரி நாலு இட இடைவெளியில் மாறும் அமைப்பைப் பார்த்தது. 2012-இல் இட்ரியம் சேர்மத்திலும் எக்ஸ் கதிர் வழியாக மின்னூட்ட ஒழுங்கு தெரிந்தது.

இது ஏன் முக்கியம்? கோடு போட்டு நின்ற எலக்ட்ரான், ஓடுகிற எலக்ட்ரான் அல்ல. 1995-இல் கோடுகள் அழுத்தமாகத் தெரிந்த பொருளில் மீகடத்தல் நசுங்கிப் போயிருந்தது. இட்ரியம் சேர்மத்தில் மீகடத்தல் தொடங்கியதும் மின்னூட்ட ஒழுங்கு பலவீனமானது. இரண்டும் ஒரே எலக்ட்ரான்களுக்குப் போட்டி போடுகின்றன. இன்னும் கொஞ்சம் வெப்பத்திலும் வேலை செய்யும் மீகடத்தி வேண்டுமென்றால், இந்தப் போட்டியாளரைப் புரிந்துகொள்ளாமல் முடியாது.

கணக்கு சரியாக இருக்கிறது, ஆனால்...

கோடு தெரிந்தது சரி. கோட்டுக்குள்ளே எந்த ஆர்பிட்டாலில் என்ன நடக்கிறது?

இங்கே ஒரு கணக்கு வழக்குச் சிக்கல். ஒவ்வொரு சிறு சதுரத்துக்கும் ஒரு தாமிரம், இரண்டு ஆக்ஸிஜன். ஓர் ஆக்ஸிஜன் கிழக்கு மேற்குக் கோட்டில், இன்னொன்று வடக்கு தெற்குக் கோட்டில். ஒன்றில் மின்னூட்டம் கூடி, மற்றதில் அதே அளவு குறைந்தால் என்ன ஆகும்? ஒரு கணக்கில் வரவு, இன்னொன்றில் பற்று. பேரேட்டின் மொத்தத்தைப் பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. தனித்தனிக் கணக்கைத் திறந்து பார்த்தால்தான் பணம் இடம் மாறியது தெரியும்.

இப்படித்தான் இருக்க வேண்டும் என்று 2013-இல் கணக்குப் போட்டுச் சொன்னவர்களில் முக்கியமானவர்கள், டெல்லியில் பிறந்த சுபிர் சச்தேவும் அவருடைய சகா லா பிளாகாவும். கிழக்கு மேற்கில் பிளஸ், வடக்கு தெற்கில் மைனஸ். நாலு இதழ் டி ஆர்பிட்டாலில் இதழ்களின் குறி மாறி மாறி வருமே, அதே வடிவம். எலக்ட்ரான் ஜோடிகளுக்கும் இதே டி வடிவம்தான் என்று 1993, 1994 வாக்கிலேயே சோதனைகள் காட்டியிருந்தன.

2014-இல் ஃபுஜிதா, டேவிஸ், சச்தேவ் உள்ளிட்ட குழு தனித்தனிக் கணக்கைத் திறந்தே பார்த்துவிட்டது. கருவி, ஸ்கேனிங் டனலிங் மைக்ராஸ்கோப். ஊசி முனையைப் பொருளின் மேல் தொடாமல் நகர்த்தி, அணு அணுவாக மின்னோட்டத்தை அளக்கும் கருவி. அவர்கள் எடுத்துக்கொண்ட படிகங்களில் ஒன்று மறுபடியும் 2212! அது பிஸ்மத் அடுக்குகளுக்கு நடுவே மைக்கா ஏடு மாதிரி சுத்தமாக உரிந்து வரும். அதனால்தான் இந்த ஊசிக்காரர்களுக்கு அது செல்லப் படிகம். இரண்டு ஆக்ஸிஜன்களையும் தனியாகப் பிரித்துப் பார்த்தபோது, ஒன்று ஏறும் இடத்தில் மற்றது இறங்கியது. டி வடிவம் கண்ணுக்குத் தெரிந்தது.

எல்லாத் தாமிர ஆக்ஸைடும் இப்படியே நடப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். லாந்தனம் வகைச் சேர்மங்களில் இரண்டு ஆக்ஸிஜனும் சேர்ந்தே ஏறி இறங்கும் வடிவம் மேலோங்குவதாக எக்ஸ் கதிர் சோதனைகள் காட்டின. ஒரே மாதிரி அடுக்கு, ஒரே மாதிரி அணுக்கள், ஆனாலும் ஆர்பிட்டால் கணக்கு வேறு. எத்தனை எலக்ட்ரான் என்று மட்டும் கேட்டிருந்தால் இந்த வித்தியாசம் வெளியே வந்திருக்குமா?

மறுபடியும் கிராஃபைட்

கடைசியில் கிருஷ்ணனின் கிராஃபைட்டே மேடைக்குத் திரும்பியதுதான் சுவாரசியம்.

கிராஃபைட் ஏடுகளுக்கு நடுவே பொட்டாசியத்தைச் செருகினால், 1 கெல்வினுக்கும் கீழே அது மீகடத்தியாகிறது என்று 1965-லேயே தெரியும். 2005-இல் கால்சியத்தைச் செருகிப் பார்த்தார்கள், 11.5 கெல்வின் கிடைத்தது. கால்சியத்திலிருந்து வந்த எலக்ட்ரான்களில் ஒரு பகுதி, கார்பன் ஏட்டில் இல்லாமல் இரண்டு ஏட்டுக்கு நடுவே உள்ள வெளியில் இருக்கிறது. அந்த நடு வெளியில் எலக்ட்ரான் குடியேறிய கிராஃபைட் சேர்மங்கள்தான் மீகடத்தியாகின்றன என்று 2005-இல் ஓர் ஆய்வு சுட்டிக்காட்டியது. எண்ணிக்கை இல்லை, இருக்கும் இடம்தான் முக்கியம்!

2011-இல் அதே கால்சியம் கிராஃபைட்டின் மேல் ஊசி முனையை ஓட்டிப் பார்த்தார்கள். கார்பன் ஏட்டில் மின்னூட்டம் கோடு கோடாக நின்றது. கிருஷ்ணன் நூலில் தொங்கவிட்டுப் பார்த்த பொருளின் வாரிசில், மீகடத்தலும் மின்னூட்ட ஒழுங்கும் ஒன்றாகவே இருந்தன.

கிராஃபைட்டின் ஒற்றை ஏடுதான் கிராஃபீன். அதில் எலக்ட்ரான் எண்ணிக்கையை மாற்றினால் டி வகை ஜோடிகள் உருவாகலாம் என்று 2010-இல் சந்தீப் பதக், விஜய் ஷெனாய், பாஸ்கரன் மூவரும் கணித்தார்கள். 2018-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இரண்டு கிராஃபீன் ஏடுகளைச் சுமார் 1.1 டிகிரி மட்டும் திருப்பி அடுக்கியபோது, சுமார் 1.7 கெல்வினில் மீகடத்தல் வந்தது. காரணம் பற்றிய விவாதம் நடந்துகொண்டிருக்கிறது. ஆனால் கார்பனில் வேறு தனிமம் எதையும் சேர்க்கவில்லை, கோணம்தான் அடிப்படையான மாற்றம் என்பதைக் கவனியுங்கள்.

எதற்காக இந்தக் கதை?

கிருஷ்ணன் 1940-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஃபெல்லோ ஆனார். 1947-இல் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர் ஆனார். 1961-இல் மறைந்தார். தாமிர ஆக்ஸைடு மீகடத்தி வர அதற்குப் பிறகு 25 வருடம் ஆனது. மீகடத்திக்கு அவர் வழி போட்டார் என்று சொன்னால் அது மிகை. அவர் மீகடத்தியைத் தேடவில்லை. டேவிஸோ சச்தேவோ அவருடைய கட்டுரையைப் பிடித்துக்கொண்டு தொடங்கவுமில்லை.

ஆனால் அடுக்கு அடுக்கான ஒரு பொருளில், எலக்ட்ரான் இருக்கும் இடத்தின் வடிவம்தான் பொருளின் குணத்தைத் தீர்மானிக்கிறது என்பதை அளந்து காட்டிய முன்னோடிகளில் அவர் ஒருவர். அதுவும் ஒரு மெல்லிய இழை, ஒரு காந்தம், ஒரு சின்னப் படிகத்தை வைத்துக்கொண்டு. நோபல் கிடைக்காத கதையை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால், கிருஷ்ணன் காலத்துக்கும் இன்னொருவருடைய கதையில் துணைப் பாத்திரமாகவே இருந்துவிடுவார். அவருக்கென்று ஒரு கேள்வி இருந்தது. அந்தக் கேள்வியின் ஆயுள் இன்னும் முடியவில்லை. பள்ளிப் பாடத்தில் அவருக்கு இன்னும் ஒரு வரி சேர்க்க இடம் கிடைத்தால், அந்த வரி டாக்காவிலிருந்தும் கிராஃபைட்டிலிருந்தும் வரட்டும்.